அப்பா கேட்ட ஒரு வாரம்

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் நேற்று எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி ஒரு சின்னக் குப்பியைத் திறந்து நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான், பெண்கள் பெட்டி முழுக்க உன் வக்கீல் ஆபீஸ் ஆகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடி. கீழே மல்லிகை, மேலே தைலம். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குத் தலைவலி வந்ததுபோல ஒரு வாசனை படியெல்லாம் நிற்குமே, அதேதான். "ஆன்டி, எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்று கை நீட்டினேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். தைலத்தைக் கொடுத்தார், முறைப்போடு.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஊரில் ஒருவரையும் விடாமல் வாரப் பத்திரிகையில் கிண்டல் செய்து எழுதுகிறவள் நான். மாமியாரைப் பற்றி எழுதி, அவர் என் வீட்டில் ஒரு மாதம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததும் உனக்குத் தெரியும். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. வழக்குப் போட்டுவிடுவாயோ என்ற பயம். இப்போது தைரியம் வந்திருக்கிறது. மேலே போயும் போட்டாலும் போடுவாய்.

காரணம் கேட்பது உன் பிறவிக் குணம். கிள்ளானில் நாம் படித்த தமிழ்ப்பள்ளியில், யாரோ ஒருத்தி பேசினாள் என்று வாத்தியார் பெஞ்சு முழுவதையும் எழுப்பி நிறுத்தியபோது, "சார், நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டு அடிங்க" என்று கையை நீட்டிக்கொண்டே கேட்டாய். அடி விழாமல் போகவில்லை. ஒன்று கூடுதலாகவே விழுந்தது. பேசியது நான்தான் என்பதைப் பெஞ்சில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஈப்போ டாக்டர் மாப்பிள்ளை பார்க்க வந்த கதையும் அப்படித்தான். எவ்வளவு நல்ல வரன், ஏன் வேண்டாம் என்றாய் என்று உன் சித்தி என்னிடம் வந்து அழுதார். உன்னைக் கேட்டால், "தனியா பேசலாம்னு ஒக்காந்தோம்டி. எடுத்த ஒடனே என் போன வாங்கி மெசேஜெல்லாம் பாக்குறான். வாரண்டு இருக்கான்னு கேட்டேன். இல்லன்னான். அப்ப கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்" என்றாய். அந்த டாக்டருக்கு இப்போது மூன்று பிள்ளைகளாம். மனைவி போனை எங்கே ஒளித்து வைக்கிறாளோ.

ஆனால் நீ யார் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது என் தம்பி குணாவைப் போலீஸ் பிடித்த அன்றுதான்.

குணாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஷா ஆலமில் ஏதோ ஒரு தொழிற்சாலை வளாகத்திலிருந்து செம்புக் கம்பி திருட்டுப் போயிருந்தது. லோரியில்தான் ஏற்றியிருக்க வேண்டும் என்று போலீசுக்குத் தகவல். கிள்ளானில் லோரி கழுவும் இடத்தில் நின்றிருந்தவர்களைச் சாயங்காலம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் இவனும் ஒருவன். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் பேச விட்டிருக்கிறார்கள். பேசத் தெரிந்த அக்கா ஒருத்தி இருக்க, இவன் அப்பாவுக்கு அடித்துவிட்டான்.

அப்பா என்ன செய்தார் என்று உனக்கே நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன், சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ஆறவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பொட்டலம் மீன்குழம்புச் சோறு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஒன்று குணாவுக்கு, ஒன்று அங்கே இருந்த போலீஸ் சார்ஜனுக்கு. சார்ஜனைக் கும்பிட்டு, மரியாதையாகத் துவான் போட்டு, "நல்லா மெரட்டி புத்தி சொல்லி அனுப்புங்க துவான்" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கப் போனார்.

நம் ஆட்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றால் தாய்மாமன் வீடு மாதிரி. புருஷன் குடிக்கிறானா, பிள்ளை சொல்பேச்சுக் கேட்கவில்லையா, கூட்டிக்கொண்டு போய் மாமனிடம் விட்டால் நாலு தட்டுத் தட்டித் திருத்தி அனுப்புவார் என்று நினைப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு சார்ஜன் இருந்தாராம். வருவார், குடிகாரனை மிரட்டுவார், கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்பார், போவார். அப்பா கண்ணில் சட்டம் என்றால் அந்த சார்ஜனின் மீசைதான். குணா வாரக்கடைசியில் பீர் குடிக்கிறான், கையில் பாம்புப் பச்சை குத்தியிருக்கிறான், பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாம் என்கிறான். தான் தோற்ற இடத்தில் அரசாங்கம் ஜெயிக்கும் என்று அப்பா உண்மையாகவே நம்பினார்.

எனக்கு விஷயம் வந்து சேர்ந்ததும் உனக்குப் போன் அடித்தேன். பாம்புப் பச்சையிலிருந்து தொடங்கினேன்.

"அடியே கதைக்காரி, நிறுத்து. எத்தன மணிக்குப் பிடிச்சாங்க?"

"சாயங்காலம்லா. ஆறு இருக்கும். அப்பா பாரு, மீன்கொழம்ப எடுத்துக்கிட்டு—"

"எதுக்குப் பிடிச்சிருக்கோம்னு அவன்கிட்ட சொன்னாங்களா? வக்கீல் வேணும்னு அவன் கேட்டானா?"

"அதெல்லாம் அவனுக்குக் கேக்கத் தெரியாதுடி. சாரி சொல்லிடுன்னு அப்பா சொல்லிட்டு வந்திருக்காரு."

"எதுக்குடி சாரி? அவங்க எதுக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே" என்றாய். உடனே காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாய். ஸ்டேஷன் வாசலில் இரண்டு இடம் அடைத்து நீ காரை நிறுத்திய அழகை அந்த சார்ஜனும் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் அதற்கு உன்னையே உள்ளே வைத்திருக்கலாம். குணாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாய். "இருக்கான். நடக்குறான்" என்றாய். அந்த இரண்டாவது சொல்லை ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போகும்போது நடந்து போய், வரும்போது நடக்காமல் வந்த பிள்ளைகளின் கதை நம் இருவருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் மீசைக்கார சார்ஜன் ஞாபகம்.

மறுநாள் காலை கோர்ட். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் அதற்குமேல் ஒரு நிமிஷம் வைத்திருக்கக் கூடாது. நாட்டின் அரசியல் சட்டத்தில் ஐந்தாம் பிரிவிலேயே இருக்கிறது என்று வராந்தாவில் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாய். அதோடு ஒரு காரியம் செய்தாய். குடும்பத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெம்பாக இருக்கும் என்று கெஞ்சி, என்னையும் அப்பாவையும் அறைக்குள் விட அனுமதி வாங்கினாய். உன் தொழில் வாழ்க்கையில் நீ செய்த ஒரே தப்பு அதுவாகத்தான் இருக்கும்.

குணா ஊதா லாக்கப் சட்டையில் நின்றான். கையில் விலங்கு. பாம்பு விலங்குக்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் ஒரு மலாய்ப் பெண், நம்மைவிடப் பத்து வயதாவது இளையவர். போலீஸ் பக்கம் ஓர் இன்ஸ்பெக்டர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்; தூங்கிப் பல நாளான முகம், மரியாதையான குரல். விசாரணைக்கு நான்கு நாள் வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பினால் அப்பா எழுந்து கைகூப்பி நிற்கிறார்.

"புவான், நாலு நாள் போதாது. ஒரு வாரம் வெச்சிக்குங்க. அவன் திருந்தட்டும்" என்றார். மாஜிஸ்திரேட் அம்மாவைப் புவான் என்று அழைத்து, நல்ல மலாயில், நிறுத்தி நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

இன்ஸ்பெக்டருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டதைவிடக் கூடுதலாக, அதுவும் எதிர்த்தரப்பிலிருந்து, அவருக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. குணா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் எந்தப் பத்திரிகையிலும் எழுத மாட்டேன்.

நீ எழுந்தாய். கோபப்படவில்லை. அப்பாவின் பக்கம் லேசாகத் தலை தாழ்த்திவிட்டு மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாய்: "புவான், அப்பா கையெழுத்துப் போட்டால் பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாம். லாக்கப்புக்கு அனுப்ப முடியாது. இவருக்கு முப்பத்து நான்கு வயது. இவருடைய சுதந்திரத்துக்குச் சொந்தக்காரர் இவர்தான். அதை எடுக்க வேண்டுமானால் காவல்துறை காரணம் சொல்லட்டும்."

மாஜிஸ்திரேட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கியதை நான் பார்த்தேன். பிறகு நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். லோரியைச் சோதித்துவிட்டார்களா? சோதித்தாயிற்று. வீட்டை? ஆயிற்று. போன்? கையில் இருக்கிறது. வாக்குமூலம்? நேற்றே எழுதியாயிற்று. "அப்படியானால் நான்கு நாள் இவரை உள்ளே வைத்து என்ன விசாரிக்கப் போகிறீர்கள்?" இன்ஸ்பெக்டர், மற்றவர்களைத் தேடவேண்டும் என்றார். "தேடுங்கள். இவர் உள்ளே இருந்தால்தான் உங்களுக்குக் கால் நடக்குமா?"

மாஜிஸ்திரேட் விசாரணைக் குறிப்புகளை வாங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தார். பிறகு குணாவிடமே, யாராவது அடித்தார்களா, உடம்பில் காயம் உண்டா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றான். ஒரே ஒரு நாள் தந்தார். மறுநாள் முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், முடியாவிட்டால் புதிய காரணத்தோடு தன் முன்னால் வரவேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா உன்மேல் பாய்ந்தார். "நீ யாரும்மா குறுக்க? எம்பிள்ள. பெத்தவனுக்கு இல்லாத உரிமையா?"

நான் நடுவில் புகுந்து சமாளிக்கப் பார்த்தேன். நீ என்னை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாய். அதட்டப் போகிறாய் என்று நினைத்தேன்.

"அங்கிள், நீங்க பத்துமலையில கயிறு பிடிச்சவருதானே?"

அப்பா திகைத்துப்போனார். அவர் கால் வலி வரும்வரை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதைத்தான் செய்தார். காவடி எடுப்பவரின் முதுகில் கொக்கி குத்தி, அதில் கட்டிய கயிறுகளைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவாரே, அந்த வேலை.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"முன்னால போறவரு கெட்டவருன்னா பிடிச்சீங்க?"

"என்னம்மா பேசுற. விரதம் இருந்து சாமிக்காகப் போறவரு."

"அப்பறம் ஏன் கயிறு? விட்டுற வேண்டியதுதானே, அவரு பாட்டுக்குப் போகட்டும்."

"விட்டா என்னாவறது? அருள் வந்திருக்கில்ல. அவ்ளோ பலம் அப்ப. பிள்ள குட்டியெல்லாம் நிக்குது, ஏறி மிதிச்சிருவாரு. அவருக்கே தெரியாதும்மா அந்த நேரத்துல."

நீ தலையை ஆட்டினாய். "அந்தப் புவான் கையில இருக்கிறது, போலீச இழுத்துப் பிடிக்கிற அந்தக் கயிறுதான் அங்கிள். நீங்க இன்னிக்கி அத விடச் சொன்னீங்க."

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் குணாவைப் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். பிறகு கூப்பிடவே இல்லை, வழக்கும் இல்லை. நாம் இருவர் மட்டும் உன் காரில் வீடு திரும்பும் வழியில், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், எனக்கு நாக்கு அரித்தது. "அவன் எடுத்தானாடி இல்லையா? ஒங்கிட்டச் சொன்னானா?" என்றேன்.

"நான் கேக்கல."

"என்னடி வக்கீல் நீ?"

"அது கோர்ட்டுல வழக்கு நடந்தா வர்ற கேள்வி. நேத்துக் கேள்வி, கவர்மெண்டு ஒரு ஆள எதக் காட்டி எத்தன நாள் பூட்டி வைக்கலாம்ங்கிறது. அவன் எடுத்திருந்தாலும் நான் இதேதான் கேட்டிருப்பேன்."

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. என் தம்பி நல்லவன், அதனால் விட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. குணாவையே தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இல்லக்கா" என்றான். "ஆமான்னாலும் ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பேப்பர்ல வந்துரும்." நியாயமான சந்தேகம்.

அதற்குப் பிறகு உன் ஆபீசில் எத்தனையோ நாள் இதையே பேசியிருக்கிறோம். நான் கேட்பேன், கவர்மெண்டு மேல் உனக்கு என்ன அவ்வளவு கோபம் என்று. "கோபமா? எனக்கா? நான் வரி கட்றேன், ஓட்டுப் போடறேன், சிவப்பு விளக்குல நிக்கிறேன்" என்பாய். கடைசியது பொய். ஒருநாள் மட்டும் கேலி இல்லாமல் சொன்னாய்: "கெடுதல் செய்யணும்னு நெனைக்கிறவன் அக்கம்பக்கம் பாத்து பயந்து பயந்துதான் செய்வான்டி. நல்லது செய்றோம்னு நெனைக்கிறவன்தான் எந்த எடத்துலயும் நிக்க மாட்டான். ஒங்கப்பாவப் பாரு." சட்டப் புத்தகம் எதையும் நான் திறந்ததில்லை. அந்த ஒரு பேச்சில் எனக்கு ஐந்தாம் பிரிவு விளங்கியது.

இன்றும் என் வேலை காப்புறுதி விற்பதும் கிசுகிசு எழுதுவதும்தான். ஆனால் உன் பழக்கம் தொற்றிவிட்டது. போன வாரம் சாலைத் தடுப்பில் ஓர் இளம் போலீஸ்காரர் காரை ஓரம் கட்டச் சொன்னார். கண்ணாடியை இறக்கி, சிரித்த முகத்தோடு, "எதுக்குங்க துவான்?" என்றேன். பின்விளக்கு எரியவில்லை என்றார். இறங்கிப் பார்த்தேன், எரியவில்லை. சம்மனை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். அவர்தான் சங்கடப்பட்டார். காரணம் கேட்டவளிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தார், பாவம்.

குணா கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவன் காப்பார் ஊரில் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போவான். உன்னை எரியூட்டிய அன்று அப்பாவைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். வழியில் இருவரும் பேசினார்களா என்று துருவிப் பார்த்தேன். "ஏறுறப்ப கை குடுத்தான்" என்றார் அப்பா. அதற்குமேல் வாங்க முடியவில்லை.

நீ இல்லாததால் உனக்கு வந்த போன்கள் இப்போது எனக்கு வருகின்றன. உன் வால் நான் என்று ஊருக்கே தெரியுமே. நான் வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டு, இலவசமாக வாதாடும் உன் கூட்டாளிகளின் எண்ணைக் கொடுப்பேன். நேற்று கொமுட்டரில் நான் கிளம்பியதே அப்பாவைப் பார்க்கத்தான். இப்போது அவர் கிள்ளானில் என் அத்தை வீட்டில் இருக்கிறார். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு போன். கிள்ளானுக்குப் பக்கத்து மேருவிலிருந்து ஒருவர். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அழவில்லை, பதறவும் இல்லை. "நாலு நாள் உள்ள இருக்கட்டுங்கம்மா. அப்பதான் புத்தி வரும். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நானும் ஒரு அப்பன்தாங்க பேசறேன்" என்றார். "நானும் இப்படித்தான் கேட்டேன். கோர்ட்டுல, எம்பிள்ள முன்னாலயே. ஒரு பொண்ணு நடுவுல நின்னு தடுத்துச்சி. அவன் மறுநாளே வெளிய வந்துட்டான். நான் பேசின பேச்சு இன்னும் அவன் மனச விட்டு வெளிய வரலீங்க."

அப்பா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"கேக்கறது மரியாத கொறவு இல்லீங்க. எத்தன மணிக்குக் கொண்டு போனாங்க, சொல்லுங்க. எந்த ஸ்டேஷனு? எதுக்குன்னு சொன்னாங்களா?"

எழுதிக்கொள் என்று எனக்குச் சைகை காட்டினார். கேள்விகளெல்லாம் உன்னுடையவை; அதே வரிசை, அதே அவசரம். மீன்குழம்புச் சோற்றோடு ஸ்டேஷனுக்குப் போன மனிதரின் வாயிலிருந்து அவற்றைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்லி அவரைக் கேலி செய்யக்கூடத் தோன்றவில்லை. நேரத்தை எழுதினேன், ஸ்டேஷன் பெயரை எழுதினேன். எதற்கு என்பதற்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம். உன் கூட்டாளி ஒருத்திக்குச் சொல்லிவிட்டு, இரவு நானும் அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டேன். இன்று காலை அவளோடு அதைக் கேட்கத்தான் கோர்ட்டுக்குப் போகிறோம், அப்பாவும் நானும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறார், சீக்கிரம் வா என்கிறார்.